இரண்டு சதவீதத்துக்குள் ஒரு மாநில எல்லை

தருமபுரி மாவட்டத்தில் ஒரு நிலம் பெங்களூர்க்காரர் பெயருக்குக் கிரயமாகும்போது நடுவில் நிற்கும் தரகர் ஒருவராக இருப்பது அபூர்வம். பெங்களூரில் பார்ட்டியைப் பிடித்தவர் ஒருவர். ஓசூரில் அவருக்குத் தெரிந்த ஆள் இன்னொருவர். பாலக்கோட்டிலோ பென்னாகரத்திலோ நிலத்தைக் காட்டுகிறவர் மூன்றாமவர். நிலத்துக்காரரின் பங்காளிகளைப் பேசிச் சரிக்கட்டிக் கையெழுத்துக்கு அழைத்து வருகிற ஊர்க்காரர் நான்காமவர். ‘ரெண்டு பர்சென்ட்’ என்று வழக்கில் சொல்லப்படும் கமிஷன் இவர்கள் எல்லோருக்கும் பிரிய வேண்டும். பேச்சுக்கு ஏக்கர் 40 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். வாங்குகிறவர் தரப்பில் 80,000, விற்கிறவர் தரப்பில் 80,000 ரூபாய். அதில் யார் எவ்வளவு எடுத்தார் என்பது பெரும்பாலும் எந்தத் தாளிலும் ஏறுவதில்லை.

இந்தச் சங்கிலியில் முதலாமவர் கர்நாடகத்தில் முகவராகப் பதிவு பெற்றவர், இரண்டாமவர் தமிழ்நாட்டில் பதிவு பெற்றவர், மற்ற இருவரும் எங்குமே பதிவு பெறாதவர்கள் என்றால் இந்தப் பங்கீடு செல்லுமா? இதற்குப் பதில் தரகர்களின் தகுதியைவிட விற்கப்படும் மண் எந்த வகை என்பதையே அதிகம் பொறுத்திருக்கிறது. ஒரே சாலையின் இந்தப் பக்கத்து மனைக்கு ஒரு பதிலும், அந்தப் பக்கத்து மானாவாரி நிலத்துக்கு வேறொரு பதிலும் கிடைக்கும்.

மனையிலிருந்து தொடங்கலாம். ரியல் எஸ்டேட் (ஒழுங்குமுறை மற்றும் மேம்பாடு) சட்டம் 2016 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. முகவர்கள் பற்றிய 9, 10 ஆகிய பிரிவுகள் 2017 மே 1 முதல் நடைமுறைக்கு வந்தன. தமிழ்நாட்டுக்கான விதிகள் அதே ஆண்டு ஜூனில் வெளியாயின. அதற்கு முன்பு நிலத்தரகு இந்தியாவின் பெரும்பகுதியில் யாரும் செய்யக்கூடிய தொழிலாக இருந்தது. ஹரியானா 2008-இல் சொத்துத் தரகர்களுக்கென்று தனிச்சட்டம் போட்டிருந்தது.

9-ஆம் பிரிவின்படி, பதிவு பெற்ற திட்டத்தில் மனையையோ அடுக்கக வீட்டையோ விற்க உதவும் முகவரும் பதிவு பெற்றிருக்க வேண்டும். அந்தப் பதிவு ஒரு மாநிலம் முழுமைக்கும் ஒன்றே. மாவட்டத்துக்கு மாவட்டம் வாங்க வேண்டியதில்லை, ஆனால் மாநில எல்லையோடு அது முடிந்துவிடும். கர்நாடக ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம் கொடுத்த எண்ணை வைத்துக்கொண்டு நல்லம்பள்ளியில் போடப்பட்ட லேஅவுட்டில் மனை விற்க முடியாது. தமிழ்நாட்டு ஆணையம்தான் அந்தமான் நிக்கோபார் தீவுகளையும் கவனிக்கிறது என்பது இங்கே ஒரு வேடிக்கை. ஆணையத்தின் அதிகாரம் வங்கக் கடலைத் தாண்டும், கர்நாடக எல்லையிலுள்ள அத்திப்பள்ளி சோதனைச் சாவடியைத் தாண்டாது.

“நான் மனையே விற்கவில்லையே, பார்ட்டியை மட்டும்தானே அனுப்பினேன்” என்று பெங்களூர்த் தரகர் சொல்லலாம். தொழிலில் எல்லோரும் சொல்கிற பதில்தான் இது. ஆனால் சட்டம் முகவருக்குக் கொடுக்கும் வரையறை அவருக்கு அந்த வழியை அடைத்துவிடுகிறது. வாங்குகிறவரையும் விற்கிறவரையும் எந்த ஊடகத்தின் வழியாகவேனும் ஒருவருக்கொருவர் அறிமுகப்படுத்திப் பணம் பெறுகிறவரும் முகவரே. இடைத்தரகர், புரோக்கர், டீலர் என்று எந்தப் பெயரில் அழைத்தாலும் சரி. வாட்ஸாப்பில் ஒரு லொக்கேஷனையும் ஒரு தொலைபேசி எண்ணையும் அனுப்பிவிட்டுப் பதிவு நாளில் பங்கு கேட்கிறவர் இந்த வரையறைக்குள் தாராளமாக விழுகிறார்.

அமெரிக்கா இதே சிக்கலை நூறாண்டாகச் சந்தித்து வருகிறது. அங்கும் தரகர் உரிமத்தை மாநிலங்களே கொடுக்கின்றன. வெளிமாநிலத் தரகர் தங்கள் எல்லைக்குள் வந்து வேலை செய்யலாமா என்பதில் மாநிலங்கள் பலவிதம். உள்ளூர்த் தரகரோடு எழுத்தில் ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் வரலாம் என்கின்றன சில. உன் மாநிலத்தில் உட்கார்ந்தபடி தொலைபேசியில் பேசு, இங்கே காலடி வைக்காதே என்கின்றன வேறு சில. இன்னும் சில அதற்கும் இடம் கொடுப்பதில்லை. ஆனால் வேலை செய்வதையும் பணத்தில் பங்கு பெறுவதையும் அவர்கள் தனித்தனிக் கேள்விகளாகப் பிரித்துக்கொண்டார்கள். நியூயார்க்கின் நிலைச்சொத்துச் சட்டம் 442-ஆம் பிரிவில் உரிமம் இல்லாதவருக்குக் கமிஷனில் பங்கு கொடுப்பதைத் தடை செய்துவிட்டு, வேறொரு மாநிலத்தில் முறையாகத் தரகுத் தொழில் நடத்துபவருக்கு மட்டும் விலக்கு அளிக்கிறது. கலிஃபோர்னியாவும் தன் தரகர் வெளிமாநிலத் தரகருக்குக் கமிஷன் கொடுப்பதை வெளிப்படையாக அனுமதிக்கிறது. வீட்டுக்கடன் சார்ந்த கையூட்டுகளை ஒழிக்க 1974-இல் வந்த கூட்டாட்சிச் சட்டமும் தரகர்கள் தங்களுக்குள் பரிந்துரைக் கட்டணம் பிரித்துக்கொள்வதைக் குற்றமாக்காமல் விட்டது. வெளியூர்த் தரகர் பார்ட்டியை அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்வார், உள்ளூர்த் தரகர் வேலையைப் பார்ப்பார், பணம் ஒரு நிறுவனக் கணக்கிலிருந்து இன்னொரு நிறுவனக் கணக்குக்குப் போகும்.

நமது சட்டத்தில் இந்தப் பிரிவினையே இல்லை. அறிமுகம் செய்தாலே முகவர் என்று வரையறுத்துவிட்டதால் ‘பரிந்துரை மட்டும்’ என்ற இடைநிலைக்கு அங்கே இடம் இல்லாமல் போயிற்று. கமிஷனை யாருடன் பிரிக்கலாம், யாருடன் பிரிக்கக் கூடாது என்று சொல்லும் வாசகமும் கிடையாது. மறைமுகமாகக் கட்டும் முடிச்சுகள் உண்டு. திட்டத்தைப் பதிவு செய்யும்போதே மேம்பாட்டாளர் தன் முகவர்களின் பெயரையும் முகவரியையும் ஆணையத்துக்குத் தர வேண்டும். முகவர் தன் பதிவு எண்ணை ஒவ்வொரு விற்பனையிலும் குறிப்பிட வேண்டும், கணக்குப் புத்தகம் வைத்திருக்க வேண்டும், பதிவு பெறாத திட்டத்தை விற்க உதவக் கூடாது. ஆக, பட்டியலில் இருக்கும் முகவர் பட்டியலில் இல்லாத பெங்களூர்த் தரகருக்குப் பங்கு கொடுத்தால் அது அவருடைய கணக்குப் புத்தகத்திலேயே தடயமாகப் பதியும். நடைமுறையில் அந்தப் பணம் புத்தகத்துக்கு வராமல் கையிலேயே மாறிவிடுவது ஏன் என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

தண்டனை 62-ஆம் பிரிவில் இருக்கிறது. பதிவில்லாமல் முகவர் வேலை பார்த்தால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய். அது கூடிக்கொண்டே போய், விற்க உதவிய மனையின் விலையில் 5 சதவீதம் வரை எட்டலாம். 12 லட்சம் ரூபாய் மனை ஒன்றை எடுத்துக்கொண்டால் உச்ச அபராதம் 60,000. ஆறாவது நாளே அதைத் தொட்டுவிடும். அந்த மனைக்கு ஒரு தரப்பிலிருந்து கிடைக்கும் 2 சதவீதக் கமிஷனோ 24,000 ரூபாய்தான். அதிலும் நாலில் ஒரு பங்கு என்றால் 6,000. ஆறாயிரத்துக்காக அறுபதாயிரத்தைப் பணயம் வைக்கிறோம் என்று தெரிந்தால் பலர் கை வைக்கமாட்டார்கள். தெரிந்தவர்கள் குறைவு.

பதிவில்லாத தரகருக்குப் பேசிய பங்கைக் கொடுக்காமல் ஏமாற்றினால் அவர் நீதிமன்றம் போக முடியுமா? 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், சட்டம் தடுத்த ஒன்றுக்காகப் பேசப்பட்ட ஒப்பந்தம் செல்லாது என்று 23-ஆம் பிரிவில் சொல்கிறது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் கையில் எடுக்கும் ஆயுதம் அதுவாகத்தான் இருக்கும். எனவே பதிவு பெறாமல் லேஅவுட் மனைக்குப் பங்கு பேசுகிறவர் அபராதத்துக்கு ஆளாவதோடு, பேசிய காசைக் கேட்கும் உரிமையையும் பறிகொடுக்கும் இடத்தில் நிற்கிறார்.

இதுவரை சொன்னது மனைக்கு. இதே பெங்களூர்த் தரகர் பாலக்கோடு பக்கம் மூன்று ஏக்கர் தோட்டத்தைத் தன் பார்ட்டிக்கு முடித்துக் கொடுத்தால் மேலே சொன்ன எதுவும் அவரைத் தொடாது. 9-ஆம் பிரிவு மேம்பாட்டாளர் விற்கும், பதிவு பெற்ற திட்டத்தைப் பற்றி மட்டுமே பேசுகிறது. விவசாய நிலம் திட்டம் ஆகாது. ஒருவர் வாங்கி வைத்திருந்த மனையை மறுவிற்பனை செய்வதும் திட்டம் ஆகாது. 500 சதுர மீட்டருக்கு, அதாவது சுமார் 12 சென்ட்டுக்கு மிகாத நிலத்தைப் பிரித்து விற்பதற்கும் பதிவு கட்டாயம் இல்லை. தருமபுரி போன்ற மாவட்டத்தில் எல்லை தாண்டி வரும் பணத்தில் கணிசமான பகுதி விவசாய நிலத்தைத் தேடித்தான் வருகிறது. உரிமம் கேட்கும் சட்டம் எல்லை தாண்டிய தரகு அடர்ந்திருக்கும் இடத்திலேயே காலூன்றவில்லை.

பெங்களூர்ப் பணம் இந்தப் பக்கம் திரும்பியதற்கும் ஒரு சட்டக் காரணம் உண்டு. கர்நாடக நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் 79ஏ, 79பி பிரிவுகள் நெடுங்காலம் விவசாயி அல்லாதவர் விவசாய நிலம் வாங்குவதைத் தடுத்து வைத்திருந்தன. 2020-இல் அவற்றை நீக்கினார்கள். தமிழ்நாட்டில் அப்படியொரு தடை இருந்ததில்லை. நில உச்சவரம்புக்கு உட்பட்டு யாரும் வாங்கலாம். ஐ.டி. சம்பளக்காரருக்கு ஆனேக்கல் பக்கம் மூடியிருந்த கதவு எல்லைக்கு இப்பால் திறந்தே கிடந்தது. ஓசூர் 2004 பிப்ரவரி 9-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகும் வரை தருமபுரி மாவட்டத்துக்குள்தான் இருந்தது. இன்றைக்கு இரண்டு மாவட்டத் தரகர்களுக்கும் இடையில் இருக்கும் தொடர்பு அந்தக் காலத்தது. கட்டட வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் பெங்களூர் போய்த் தங்கிய தருமபுரிக்காரர்களே கன்னடமும் தெலுங்கும் பேசிப் பார்ட்டி பிடிப்பவர்களாக மாறியதும் உண்டு. ஓசூரிலிருந்து இராயக்கோட்டை, பாலக்கோடு வழியாக அதியமான்கோட்டை வரும் தேசிய நெடுஞ்சாலை 844-இன் விரிவாக்கம் கர்நாடகத்து நெரளூரில் தொடங்குகிறது. சாலை வரைபடமே இரு மாநிலத்துக்கும் சேர்த்துப் போடப்பட்டதுதான்.

விவசாய நிலத்தில் கமிஷன் சதவீதக் கணக்கில் நிற்பதும் குறைவு. “எனக்கு ஏக்கருக்கு முப்பது வந்தால் போதும், மேலே எவ்வளவு வைத்தாலும் உன்னுது” என்று நிலத்துக்காரர் சொல்லிவிடுவார். ஊர்த் தரகர் 32 என்று ஓசூருக்குச் சொல்வார், ஓசூர் 35 என்று பெங்களூருக்குச் சொல்லும், பெங்களூர் 40 என்று பார்ட்டியிடம் சொல்லும். ‘ரேட் வைத்து விற்பது’ என்று இதற்குப் பெயர். மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசும் தரகரைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது. அங்கே துண்டு ஒன்றுதான், இங்கே மாநிலத்துக்கு ஒன்று. நிலத்துக்காரர் தனக்குத் தெரிந்து ஒப்புக்கொண்டதால் அவருக்குப் புகார் இல்லை. ஏமாறக்கூடியவர் வாங்குகிறவர். தனக்காகப் பேசுகிறார் என்று அவர் நம்பும் பெங்களூர்த் தரகர் அவரிடமே ஐந்து லட்சம் ஏற்றிச் சொல்லிவிட்டு, அதற்குமேல் தனியாக 2 சதவீதமும் கேட்பார். முதலாளிக்கு, அதாவது தன்னை அமர்த்தியவருக்கு, தெரியாமல் முகவர் தன் சொந்த லாபத்துக்குப் பேரம் நடத்தினால் அந்த லாபத்தை முதலாளி கேட்டுப் பெறலாம் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 216-ஆம் பிரிவு சொல்கிறது. 150 ஆண்டுக்கு மேற்பட்ட இந்தப் பிரிவு, 2016-ஆம் ஆண்டுச் சட்டம் எட்டாத விவசாய நிலத்துக்கும் பொருந்தும். ஆனால் ஏற்றி வைத்தது எவ்வளவு என்பதை வாங்கியவர் நிரூபிக்க வேண்டும். நாலு கை மாறிய ரொக்கத்தை எங்கிருந்து நிரூபிப்பது?

அதே ஒப்பந்தச் சட்டத்தில் துணை முகவர் பற்றிய பகுதியைத் தரகர்கள் யாரேனும் படித்திருந்தால் பங்கீட்டுக்கு இவ்வளவு எளிதாகச் சம்மதித்திருக்கமாட்டார்கள். தொழில் வழக்கத்தின்படி ஒரு முகவர் தனக்குக் கீழே இன்னொருவரை அமர்த்தலாம் என்கிறது 190-ஆம் பிரிவு. அப்படி அமர்த்தப்பட்டவரின் செயலுக்கு, அமர்த்திய முகவரே தன் முதலாளியிடம் பொறுப்பு என்கிறது 192. பென்னாகரத்து ஆள் காட்டிய எல்லைக்கல் தவறாக இருந்தால் பெங்களூர்த் தரகர் ‘அது அவர் சொன்னது’ என்று கை கழுவ முடியாது. கமிஷனைப் பிரிக்கும்போது அவர் அந்த ஊர்க்காரரின் அறிவையும் சேர்த்துத்தான் விற்கிறார்.

அந்த அறிவின் விலை என்ன என்பது இந்த மாவட்டத்து நிலங்களைத் தெரிந்தவர்களுக்கே புரியும். பட்டா ஒருவர் பெயரில் இருக்கும், அனுபவம் மூன்று பங்காளிகளிடம் இருக்கும். கண்டிஷன் பட்டா நிலத்தைக் குறிப்பிட்ட காலம் வரை விற்கக் கூடாது என்ற நிபந்தனை இருக்கும். பஞ்சமி நிலம் இன்னும் பெரிய பள்ளம். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891-இல் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்கப்பட்ட அந்த நிலங்களைப் பட்டியல் சாதியினர் அல்லாதவருக்கு விற்றால் கிரயம் நிற்காது. வில்லங்கச் சான்றிதழை இணையத்தில் எடுத்துப் பார்க்கும் பெங்களூர்த் தரகருக்கு இது கண்ணில் படாமல் போகலாம். ஊரில் டீக்கடைக்காரருக்குத் தெரிந்திருக்கும். அங்கீகாரம் இல்லாத மனைகளின் பதிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பர் 9-இல் தடுத்தது. அதன் பிறகு 2016 அக்டோபர் 20-க்கு முந்தைய மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் விதிகள் வந்தன. எந்த லேஅவுட்டில் எந்த மனை அந்தத் தேதிக்கு முன் விற்றது, எது பிறகு முன்தேதியிட்டுக் காட்டப்பட்டது என்பதெல்லாமும் ஊர்க்கணக்குதான்.

இவ்வளவையும் தெரிந்த ஊர்க்காரருக்குத்தான் பங்கு ஆகக் குறைவு என்பது சங்கிலியின் விதி. பணம் வைத்திருக்கும் பார்ட்டிக்குப் பக்கத்தில் இருப்பவர் அதிகம் எடுப்பார், மண்ணுக்குப் பக்கத்தில் இருப்பவர் கொடுத்ததை வாங்குவார். இன்னொன்றும் உண்டு. பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்து போடுவது பெரும்பாலும் அவர்தான். கமிஷன் வாங்கிய நால்வரில் அரசாங்கத்தின் தாளில் ஏறுவது அவர் ஒருவர் பெயரே. பின்னால் வழக்கு வந்தால் சம்மன் அவர் வீட்டுக்கு வரும்.

மாநில எல்லைக் கேள்விக்கு வேறு ஒரு சட்டம் ஏற்கெனவே தெளிவாகப் பதில் சொல்லி வைத்திருக்கிறது. ஒருங்கிணைந்த சரக்கு சேவை வரிச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, நிலைச்சொத்து தொடர்பான சேவைக்கு, சொத்துத் தரகரின் சேவை உட்பட, சொத்து இருக்கும் இடமே சேவை வழங்கப்பட்ட இடம் என்கிறது. பெங்களூரில் ஜி.எஸ்.டி. எண் வைத்திருக்கும் தரகர் தருமபுரி நிலத்துக்குக் கமிஷன் பில் போட்டால் அது மாநிலங்களுக்கிடையேயான சேவை, வரி 18 சதவீதம். ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருக்கும் சிறு தரகர் எல்லை தாண்டிச் சேவை செய்தாலும் பதிவு தேவையில்லை என்று 2017 அக்டோபரில் விலக்கும் தந்துவிட்டார்கள். கமிஷனில் பிடிக்கும் வருமான வரியும் 2024 அக்டோபர் 1 முதல் 5 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாக இறங்கியது. வரி வாங்குகிறவர்கள் வெளிமாநிலத் தரகர் என்று ஒருவர் இருப்பதை ஒத்துக்கொண்டு, அவருடைய பில்லில் எந்த மாநிலத்தின் பெயர் வர வேண்டும் என்பது வரை யோசித்திருக்கிறார்கள். தொழிலை ஒழுங்குபடுத்த வந்த சட்டம் மட்டும் அவரைக் கண்டுகொள்ளாமல் இருக்கிறது.

விதியில் ஒரு திருத்தம் போதும் என்பது என் எண்ணம். ஏதேனும் ஒரு மாநிலத்தில் பதிவு பெற்ற முகவர், சொத்து இருக்கும் மாநிலத்தில் பதிவு பெற்ற முகவருக்குப் பார்ட்டியை அறிமுகம் செய்து பங்கு பெறலாம். இருவர் பதிவு எண்ணும் பங்குத் தொகையும் விற்பனை ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும். பங்கு பிரிப்பதைத் தடுப்பதால் அது நிற்கப் போவதில்லை. எழுத வைத்தால் வாங்குகிறவர் குறைந்தது தன் பணம் எத்தனை பேருக்குப் போகிறது என்று பார்ப்பார். மகாராஷ்டிரம் 2023 முதல் முகவர்களுக்குப் பயிற்சியும் தேர்வும் கட்டாயமாக்கியிருக்கிறது. அதைவிட இது சின்ன வேலை.

இன்றைய நிலையில் பெங்களூர் நிறுவனங்களுக்கு நேர்வழி ஒன்று இருக்கத்தான் செய்கிறது. 9-ஆம் பிரிவு முகவர் அந்த மாநிலத்தில் குடியிருக்க வேண்டும் என்று கேட்கவில்லை. கட்டணம் கட்டி, பான் எண்ணும் அலுவலக முகவரியும் கொடுத்துத் தமிழ்நாட்டு ஆணையத்திலும் ஒரு பதிவு வாங்கிக்கொண்டால் அவர்கள் தருமபுரி லேஅவுட்டை முறையாக விற்கலாம், ஓசூரில் பதிவு பெற்ற முகவரோடு பில் போட்டுக் கமிஷனைப் பிரித்துக்கொள்ளலாம். கணக்காளரும் வழக்கறிஞரும் வைத்திருக்கும் நிறுவனத்துக்கு இது பெரிய வேலை இல்லை. அவர்கள் அப்படிப் பதிவு வாங்கியதும் சங்கிலியில் சட்டத்துக்கு வெளியே நிற்பவர்கள் கடைசி இருவரே: பாலக்கோட்டிலோ பென்னாகரத்திலோ நிலத்தையும் பங்காளிகளையும் தெரிந்து வைத்திருக்கும், பதிவு எண் இல்லாத உள்ளூர்த் தரகர்கள். பெங்களூர் நிறுவனம் ஓசூர் முகவருக்குக் காசோலை கொடுக்கலாம். அந்த உள்ளூர்த் தரகர்களுக்குக் கொடுக்க முடியாது.